சட்டைப் பையில் ஒரு ஓட்டு

கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலச் சட்டையின் பைக்குள் லாண்டரிக்காரர் மறுபடியும் விரலை விட்டுத் துழாவினார். பை காலியாகத்தான் இருந்தது. முதல் தடவை இல்லாதது அடுத்த தடவை முளைத்துவிடுமா என்ன? இருந்தாலும் மனுஷன் துழாவினார். பையை வெளியே இழுத்துப் புரட்டியும் பார்த்தார். தையலோரத்தில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பையில் ஒரு பாரம் இருந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் போன தடவை விட்டுப்போன தன் பெயரைச் சேர்க்கும் பாரம். பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதி, கையெழுத்தும் போட்டு, நாலாக மடித்து வைத்திருந்தார். கொடுப்பதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். பெயர் சேர்க்கும் கெடு நேற்றுச் சாயங்காலத்தோடு முடிந்துவிட்டது என்று பக்கத்து டீக்கடை ரேடியோ சொன்ன பிறகுதான் அவருக்குப் பாரம் ஞாபகம் வந்தது. சட்டையோ நேற்றுக் காலையே ஊறப் போய்விட்டது.

கடைக்குப் பின்னால் துவைக்கும் தொட்டிக்கு ஓடினார். தண்ணீர் வெளியே போகிற இடத்து வலையில் வெள்ளையாகக் காகிதக் கூழ் ஒட்டியிருந்தது. லாண்டரி வலையில் என்றைக்குத்தான் காகிதக் கூழ் இல்லாமல் இருந்தது? அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. கூழை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நின்றார்.

பையைப் பார்க்காமல் துணியை நனைக்காத கடை என்று அந்தக் கடைக்கு நல்ல பெயர். அடுத்தவர் பையில் விட்ட சாவி, மோதிரம், மனைவிக்குத் தெரியக்கூடாத சினிமா டிக்கெட் எல்லாம் எடுத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த கடை. அங்கே முதலாளி பைக்கு வந்த கதி இது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தத் தெருவுக்கே ஓட்டு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அந்த வார்டுக்குப் பல வருஷமாக இரும்புக்கடைக்காரர்தான் உறுப்பினர். தெருவுக்கு வரும் தண்ணீர்க் குழாயைத் தான் கட்டிக்கொண்டிருக்கும் புது வீடுகளின் பக்கம் திருப்பிவிட அவர் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். இந்தத் தடவையும் அவரே வந்தால் குழாய் போய்விடும். தண்ணீர் இல்லாமல் லாண்டரி எப்படி நடத்துவது? கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். எதிர்த்து நில்லுங்கள் என்று லாண்டரிக்காரரின் மனைவி தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தருக்கு முதுகுவலி, ஒருத்தருக்கு மகள் பரீட்சை, ஒருத்தருக்கு இரும்புக்கடைக்காரர் தூரத்துச் சொந்தம். கடைசியில் அவளே நின்றாள்.

தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு வந்தவர்கள். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்கள். அதற்கும் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். இஸ்திரி போட்ட துணி மேல் ஒரு பாரத்தை வைத்துக் கொடுப்பது, அழுக்குத் துணி எடுக்கும்போது பூர்த்தி செய்த பாரத்தையும் சேர்த்து வாங்கி வருவது. வீடு வீடாகப் போய் வந்தது கணவர். வந்ததை அடுக்கிக் கட்டித் தேர்தல் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தது மனைவி. ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்ட கடைசி வீட்டுக்காரரை லாண்டரிக்காரர் வாசலிலேயே நிறுத்தி வைத்து அரசியல் பாடம் நடத்தினார். அவர் தொல்லை தாங்காமலே அந்த மனுஷர் கையெழுத்துப் போட்டார்.

இவருடைய மறதி ஊரறிந்தது. கல்யாணமான புதிதில் மனைவியையே பஸ் நிலையத்தில் மறந்துவிட்டு வந்து, வீட்டில் சாவியைத் தேடியவர். அதனால்தான் அவள் தேர்தலில் நிற்பதாக முடிவான அன்றே கேட்டுக்கொண்டாள்: "இந்த ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. உங்க பேரு. வேற எதுவும் நான் உங்ககிட்ட கேட்கல."

அப்புறம் நடுவில் ஒரு நாள் பாரம் என்ன ஆச்சு என்று கேட்டாள். இவரும் கை வேலையை விடாமல், "ஆபீசுலயே நேராக் குடுத்தாச்சு," என்று சொல்லிவிட்டார். நாளைக்குக் கொடுக்கப் போகிறதை இன்றைக்கே கொடுத்ததாகச் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று அப்போது நினைத்தார். சாயங்காலம் வேறு சட்டை மாற்றினார். நீலச் சட்டை அழுக்குக் கூடைக்குப் போனது.

கூழைத் தொட்டியோரம் போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் தேர்தல் ஆபீசுக்குப் போனார். அங்கே கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் காது குடைந்துகொண்டிருந்தார். வேட்பாளரின் கணவரே பெயர் சேர்க்கவில்லை என்று வெளியே தெரிந்தால் தெரு சிரித்துவிடுமே. ஆகவே லாண்டரிக்காரர் பேச்சை வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"என் சிநேகிதர் ஒருத்தர் பாரம் குடுக்க மறந்துட்டாருங்க."

"கெடு முடிஞ்சு போச்சே. சரி, பேரைச் சொல்லுங்க. வந்திருக்கான்னு ஒரு தடவை பார்த்துடலாம்."

"வந்திருக்காதுங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

"அது எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"கூழைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

குமாஸ்தா காது குடைவதை நிறுத்தினார். "பேரைச் சொல்றதுல என்னங்க இருக்கு?"

"அவர் கொஞ்சம் வெக்கப்படுற ஆளு."

அப்படியானால் வெட்கமெல்லாம் தீர்ந்த பிறகு அடுத்த தேர்தலுக்கு வரச் சொல்லுங்கள் என்று குமாஸ்தா அனுப்பிவிட்டார்.

மனைவியிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கடையை ஒட்டிய வீட்டுக்கு வந்தார். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே அவள் தனக்கு வேலை செய்ய வந்தவர்களிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டு மூணு ஓட்டும் கையில இருக்கு. என்னுது, அம்மாவுது, அவருது. மத்ததைத்தான் நாம தேடணும்," என்றாள். சொல்லிவிட்டு இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததே இல்லை. தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு எல்லாருக்கும் டீ வாங்கப் போனார்.

அதற்குப் பிறகு சொல்ல நினைத்தபோதெல்லாம் ஏதாவது குறுக்கே வந்தது. வராத நாளில் இவராகவே எதையாவது குறுக்கே போட்டுக்கொண்டார். இப்படியே ஓட்டுப் போடும் நாள் வந்துவிட்டது. ஓட்டுப் போட்டால் இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். மை இல்லாத விரலோடு அவள் முன்னால் எப்படி நிற்பது?

அப்போதுதான் அவருக்கு அந்த அருமையான யோசனை வந்தது. துணியில் குறி போடும் மை கடையிலேயே இருக்கிறதே. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய காலரில் போடுகிற குறி. துணி கிழிந்தாலும் குறி போகாது. காலையில் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, பேனாவை மையில் தொட்டு, விரலை மேஜை மேல் நீட்டி வைத்தார்.

பழகின கை இருக்கிறதே, அது சொன்ன பேச்சைக் கேட்காது. சும்மா ஒரு கோடு இழுக்க நினைத்தார். கை தன்பாட்டுக்கு மூன்று புள்ளி வைத்து, கீழே ஒரு வளைவு போட்டது. அது அவர் வீட்டுத் துணிக்குப் போடும் குறி. வீட்டில் தலையணை உறை, துண்டு, மாமியார் போர்வை எல்லாவற்றிலும் இருக்கிற அதே குறி இப்போது விரலிலும் இருந்தது. மனைவி அதைத் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். பதறிப்போய்க் குறியின் மேல் இன்னும் கொஞ்சம் மையை விட்டார். மை வழிந்து நடுவிரலுக்கும் இறங்கியது. சோப்புப் போட்டார், சோடா போட்டார், கறை எடுக்கும் திராவகம் போட்டார். தோல்தான் எரிந்தது. தன் மை போகவே போகாது என்று எல்லாரிடமும் பெருமையடித்தவர் அன்றைக்குத் தன் பெருமையைத் தானே தேய்த்துப் பார்த்துத் தோற்றார்.

ஆக, இரண்டு விரலில் மை.

அவசர உருப்படி கொடுக்க வேண்டும், போகிற வழியில் ஓட்டையும் போட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுக் கிளம்பினார். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினார். வெயில் ஏறிய பிறகு வந்து கையை வெளியே எடுத்தார். அதற்குள் அவளும் போட்டுவிட்டு வந்திருந்தாள். வேலை செய்ய வந்தவர்களில் ஒருவர், புருஷனும் பெண்டாட்டியுமாக விரலைக் காட்டுங்கள், போட்டோ எடுக்கலாம் என்றார். காட்டினார்கள்.

"ஏங்க, உங்களுக்கு மட்டும் ரெண்டு விரல்ல?"

"மை வெச்ச ஆளுக்குக் கை நடுக்கம்."

"பாவம்," என்றாள் அவள். போட்டோ எடுத்தாயிற்று.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். மாமியாருக்கு நடக்க முடியாது. அவரை அழைத்துப் போவதாகச் சொன்ன ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. வேட்பாளரே ஆளைச் சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனால் அதற்கொரு புகார் வரும். "நீங்கதான் போட்டாச்சே, உங்களுக்கென்ன. அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க," என்றாள் மனைவி. துணி கொண்டுபோகும் தள்ளுவண்டியில் போர்வையை விரித்து மாமியாரை உட்கார வைத்தார். மாமியார் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வழியில் விழுந்துவிடப் போகிறது, பையில் வைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று கொடுத்தார். வழி நெடுக, வண்டி குலுங்குகிறது, மெல்ல, மெல்ல என்று முனகிக்கொண்டே வந்தார்.

சாவடி ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். மனைவியின் சார்பில் உட்கார வேண்டிய ஏஜென்ட் சாப்பிடப் போயிருந்தார். இரும்புக்கடைக்காரரின் மச்சான் மட்டும் அவருடைய ஏஜென்டாக, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார். வண்டியைத் தள்ளிய கையில் இரண்டு கறுத்த விரல்களைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"சார், இந்தக் கையைப் பாருங்க. ஒரு விரலுக்கு ஒரு ஓட்டுன்னா இவர் ரெண்டு போட்டாச்சு. மூணாவதுக்கு வந்திருக்கார்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஓட்டுக்கும் வழியில்லாதவர் தலையில் இரண்டு ஓட்டுப் போட்ட பழி வந்து விழுந்தது.

அதிகாரி நல்ல மனுஷர். சத்தம் போடவில்லை. "இருங்க, இருங்க. பட்டியல்ல பார்த்தா தெரிஞ்சுடப் போகுது. உங்க பேரு என்னங்க?"

லாண்டரிக்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பெயரைச் சொன்னால் பட்டியலில் தேடுவார்கள். தேடினால் பெயரே இருக்காது. பெயர் இல்லாதவன் விரலில் மை எப்படி வந்தது? வேறு யார் பெயரிலோ போட்டிருக்கிறான் என்பார்கள். வேட்பாளரின் புருஷன் கள்ள ஓட்டுப் போட்டுப் பிடிபட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லுவார்கள். அவர் குனிந்து மாமியாரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

அதிகாரி மச்சானைப் பார்த்தார். "இவர் பேர் உங்களுக்குத் தெரியுமா?"

"லாண்டரிக்காரர்," என்றார் மச்சான். கொஞ்ச நேரம் யோசித்தும் அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. அவர் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பாதிப் பேர் நின்றிருந்தார்கள்.

"ஒரு நிமிஷ வேலைங்க. பேரைச் சொல்லுங்க," என்றார் அதிகாரி மறுபடியும்.

"நான் வெளியில நிக்கறேன்," என்று சொல்லிவிட்டு லாண்டரிக்காரர் வெளியே வந்தார். வந்தவர் நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினதும் ஓட்டமும் நடையுமாகக் கடைக்கே வந்து சேர்ந்தார். அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நெஞ்சைத் தடவிக்கொண்டபோதுதான் சட்டைப் பையில் ஏதோ நெருடியது. மாமியாரின் மூக்குக்கண்ணாடி.

மாமியார் திரும்பி வந்தது எதிரியின் தயவில். மச்சானே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டு, பெரியவங்களை நடுவழியில் விட்டுட்டு ஓடுறதா என்று நாலு பேர் கேட்கப் பேசிவிட்டுப் போனார். மனைவி ஓடி வந்து, ஓட்டை ஒழுங்காகப் போட்டீர்களா என்று அம்மாவைக் கேட்டாள். அவள் சின்னம் வாளி. இரும்புக்கடைக்காரருக்குப் பூட்டு.

"ரெண்டும் ஒரே மாதிரிதான்டி தெரிஞ்சுது," என்றார் மாமியார். "மேல ஒரு வளையம், கீழ ஒரு பெட்டி. எது வாளி, எது பூட்டுன்னு யாருக்குத் தெரியுது? ஒண்ணுல குத்திட்டு வந்தேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கித் துடைத்து அம்மாவுக்குப் போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் இரண்டு ஓட்டுக் கதை தெரு முழுக்கப் பரவிவிட்டது. கடைசி வீட்டுக்காரர் வந்து, எனக்கு ஒரு ஓட்டுக்கே அவ்வளவு பாடம் நடத்தினாரே, தனக்கு மட்டும் ரெண்டா என்று நேரிலேயே கேட்டார். மனைவி வாசலில் இறங்கி எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். "என் வீட்டுக்காரர் போட்டது ஒரே ஒரு ஓட்டு. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அதுக்கு மேல யாராவது சொன்னா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்." கூட்டம் கலைந்தது. உள்ளே இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த லாண்டரிக்காரருக்கு, மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது.

மறுநாள் எண்ணினார்கள். வாளிக்கும் பூட்டுக்கும் சரிசமம். மறுபடி எண்ணினார்கள். அப்போதும் சரிசமம். சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுதான் விதி என்றார் அதிகாரி. இரண்டு சீட்டையும் ஒரு டப்பாவில் போட்டு, மூடிக் குலுக்கி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். பூட்டு வந்தது.

கூட வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று, ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கணவனும் மனைவியும் நடந்து கடைக்கு வந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

மாமியார் மூலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி குவிந்து கிடந்த துணிகளை எடுத்து, ஒவ்வொரு சட்டையாகப் பையைத் துழாவிப் பார்த்துத் தொட்டிக்குள் போட ஆரம்பித்தாள். துழாவிக்கொண்டே பேசினாள்.

"என்னமோ போங்க. அம்மா ஓட்டு எங்க போச்சோ, அதை விடுங்க. கண்ணாடியை நீங்க வேணும்னேவா எடுத்துட்டு வந்தீங்க? உங்களை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் கேட்ட அந்த ஒண்ணை இந்தத் தடவை நீங்க மறக்கல. எனக்கு அது போதும்."

லாண்டரிக்காரர் அதுவரை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பாரத்தைக் கொடுக்காமலே கொடுத்துவிட்டதாகச் சொன்னது, வலையில் கூழைப் பார்த்தது, தேர்தல் ஆபீசில் சிநேகிதர் கதை சொன்னது, குறி போடும் மை, சாவடியிலிருந்து ஓடி வந்தது, ஒன்று விடவில்லை. "என் ஒரு ஓட்டு இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பே. எனக்கு ஓட்டே இல்ல. நான்தான் அதைத் தண்ணியில விட்டுட்டேன்," என்று முடித்தார்.

அவள் கையிலிருந்த சட்டை பாதி நனைந்து தொங்கியது. அவள் அவருடைய இரண்டு கறுத்த விரல்களையும் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் சட்டையைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவர் மாமியார் பக்கம் திரும்பினார். மாமியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க அத்தை. பாரம்தான் நனைஞ்சு போச்சே. அதுக்கப்புறம் நான் என்ன பண்ண முடியும்?"

"நனையல மாப்பிள்ளை," என்றார் மாமியார். "குடுத்தாச்சுன்னு நீங்க சொன்னது பொய்யாப் போயிடக் கூடாதுன்னு, பையில இருந்து எடுத்து, கெடு முடியறதுக்குள்ள அவளே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தா."